மல்லிகாவுக்கு ஊர் காட்டிய ஞாயிறுகள்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து என் மனைவியின் அண்ணன் மகள் வந்திருந்தாள். ஏதோ கல்லூரி வேலையாம், இரண்டு நாள் தங்கல். கருப்பட்டிக் காபியை ஒரு வாய் குடித்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தம்ளரைப் பைய தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். "மாமா, திருநெல்வேலியில பார்க்க நாலே நாலு இடந்தான் போட்டிருக்குதுங்க. அவ்வளவுதானுங்களா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே காபிக்கு இதே மாதிரி முகம் சுளித்து, இதே கேள்வியைக் கேட்ட ஒருத்தி உண்டு. அவள்தான் இப்போது அடுக்களையிலிருந்து, "காபி ஆறுதுல்லா, குடிட்டி" என்று இவளை அதட்டிக்கொண்டிருந்தாள்.

மல்லிகா கல்யாணமாகித் திருநெல்வேலி டவுணுக்கு வந்தது ஓர் ஆவணி மாதத்தில். நான் பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. முதல் ஒரு மாதம் அவள் அழாத நாள் குறைவு. வெயில் ஒரு பக்கம், காபி ஒரு பக்கம். போதாததற்கு நான் ஆசையாக "ஏட்டி, இங்கன வா" என்று கூப்பிட, அதட்டுகிறேன் என்று நினைத்து இரண்டு நாள் பேசவில்லை. அது எங்கள் ஊரில் பிரியமாகக் கூப்பிடுவது என்று விளங்க வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. சிறுவாணித் தண்ணீரா தாமிரபரணித் தண்ணீரா என்று ஒரு வாய்ச்சண்டை வேறு. அதில் நான்தான் ஜெயித்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன், அவள் ஒத்துக்கொண்டதில்லை.

அப்புறம் ஒருநாள் அழாமல், நிதானமாகவே கேட்டாள், கோயம்புத்தூருக்கு மாற்றல் வாங்க முடியாதா என்று. விசாரித்தால் அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. தை பிறப்பதற்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நானோ பக்கத்திலிருக்கும் கங்கைகொண்டான் தாண்டினாலே ஊர் ஏக்கம் பிடித்துக்கொள்ளும் ரகம். விண்ணப்பத் தாளை வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"உங்கூர்ல பார்க்க அப்படி என்னதானுங்க இருக்குது? காட்டுங்க. தை வரைக்கும் பார்க்கறனுங்க. பிடிக்கலைன்னா எழுதிக் குடுத்துருங்க."

பிறந்த ஊரை யார் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள், சொல்லுங்கள்? ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் நானே பார்த்தேன். திருநெல்வேலியில் திருநெல்வேலி என்று ஓர் இடம் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாளிடம், திருநெல்வேலி இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் குழம்பிப் போய், டவுணா, ஜங்ஷனா, பாளையா, பேட்டையா என்று வரிசையாகக் கேட்டாளாம். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள்.

ஜங்ஷனில் பாலத்துக்கு மேல் பாலமாக இருக்கும் ஈரடுக்குப் பாலத்தில் மேல்தட்டு வழியாகப் பஸ்ஸில் போய், கீழ்த்தட்டு வழியாக நடந்து வந்தோம். நான் பெருமையாக அவள் முகத்தைப் பார்த்தேன். எதில் போனாலும் அந்தப் பக்கம்தானே போகிறது என்று சொல்லிவிட்டாள். நெல்லையப்பர் கோயிலில் இசைத் தூணில் காதை வைத்து, விரலால் சுண்டிக் கேட்டாள். கல்லுக்குள்ளிருந்து சத்தம் வந்ததும் கண்ணை மூடிச் சிரித்தாள். எங்கள் ஊரில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரோ வந்து, தூணைத் தட்டக்கூடாது என்று இரண்டு பேரையும் விரட்டினார்கள். ஏச்சு வாங்கினது கூட அன்றைக்கு இனித்தது.

ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம். குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போனேன். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில் பாதி முங்கிக் கிடந்தது. வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரையும் மற்றச் சாமான்களையும் மேட்டிலிருக்கும் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், வடிந்ததும் சேற்றைக் கழுவித் திரும்பக் கொண்டுவருவார்கள் என்று விளக்கினேன். இதற்காவது அசந்துபோவாள் என்று நினைத்தேன்.

"சாமியே வெள்ளம் வந்தா மாத்தலாகிப் போகுதுங்க. உங்களுக்கு மட்டும் என்னங்க?" என்றாள்.

நான் பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனேன்.

கார்த்திகைக்குள் என் சரக்கு தீர்ந்துவிட்டது. ஆபீஸில் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டால், "அல்வா வாங்கிக் குடுத்துச் சரிக்கட்டும்வே" என்கிறார். அந்த ஞாயிறு வேறு வழியில்லாமல் எங்கள் சந்து முனைக்கே அவளைக் கூட்டிப்போனேன். அங்கே சுவரோரமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் உண்டு. வாயில் வந்ததைச் சொன்னேன். இது மருமகள் கல், வெளியூரிலிருந்து வாழ வந்த பெண் இதற்குத் தினம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் ஊர் அவளுக்குப் பிடித்துப்போகும், அந்தக் காலத்திலிருந்தே வழக்கம் என்று. சுத்தப் புளுகு. அவள் கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

மறுநாள் விடியக்காலம் செம்போடு போய் நிற்கிறாள்! மார்கழி வந்ததும் கல்லைச் சுற்றிக் கோலம் வேறு. அடுத்த தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த பெண்ணொருத்தியும் செம்பைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தாள். கல்லைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு நான் சுற்றுவழியாக ஆபீஸுக்குப் போனேன்.

மார்கழிக் கடைசியில் எதிரே இருந்த பாத்திரக்கடை அண்ணாச்சி குட்டை உடைத்துவிட்டார். "அது வண்டிச் சக்கரம் செவுத்துல இடிச்சிரக் கூடாதுன்னு நட்ட கல்லும்மா" என்று அவளைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார். அவள் வெறும் செம்போடு வீட்டுக்கு வந்தாள். நான் விண்ணப்பத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

"அது சும்மா கல்லுன்னு மொத நாளே தெரியுமுங்க. எங்கூர்லயும் மாட்டு வண்டி ஓடுச்சு" என்றாள்.

"பெறவு எதுக்குட்டி தண்ணி ஊத்துன?"

"என்னைய இங்க இருக்க வைக்க இத்தனை மெனக்கெட்டுப் பொய் சொல்றீங்க. நான் வேற என்ன பண்றதுங்க?"

அந்தத் தாளில் நான் பெயரைக்கூட எழுதவில்லை. சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன வெட்கம்.

அண்ணன் மகள் ஊருக்குக் கிளம்பும்போது, "அத்தை பேசறது பாதி எனக்குப் புரியவே இல்லீங்க மாமா" என்று சிரித்தாள். மல்லிகாவும் சிரித்தாள். அந்தப் பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. இந்த முப்பது வருஷத்தில் எத்தனை தடவை மாமனார் ஊருக்குப் போயிருக்கிறேன். கல்யாண வீடு, சாவு விழுந்த துஷ்டி வீடு. போவேன், சாப்பிடுவேன், அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவேன். உன் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றுதான் கேட்டேன். மல்லிகா சன்னல் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தாள். தெருக்கோடியில் ஒரு பஞ்சு மில் இருந்ததாம். மத்தியானச் சங்கு ஊதினால் தெருவில் இருக்கிற நாய்களெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து ஊளையிடுமாம். மில் விட்டு வருகிறவர்கள் தலையெல்லாம் பஞ்சாக, சின்னப் பையன்கூடக் கிழவன் மாதிரி இருப்பானாம். மொட்டை மாடியில் ஏறினால் மேற்கே மலை தெரியுமாம். சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்தது.

"வா, அடுத்த ஞாயித்துக்கெழமை போவோம். எனக்குக் காட்டு" என்றேன்.

"அப்பவே கேட்டிருந்தீயன்னா காட்டியிருப்பேன். மில்லை இடிச்சாச்சு, எங்க தெருவும் அதோட போச்சு. போன கல்யாணத்துக்குப் போனப்ப, நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது நான் மட்டும் போய்த் தேடிப் பார்த்தேன்" என்றாள். "எனக்கே வழி தெரியல."