முந்தானையில் முடிந்த பிளக்

எங்கள் பெண்கள் குழுவுக்கென்று அரசுத் திட்டத்தில் களை எடுக்கும் மிஷின் வந்தது. ஓட்டியதெல்லாம் ஆண்கள்தான். "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்று எடுத்துப்போவார்கள். எங்கள் வயலில் களை முற்றிய பிறகு சேறும் சகதியுமாகக் கொண்டுவந்து போடுவார்கள். நாங்கள் பழையபடி குனிந்து கிடந்தோம்.

மிஷினுக்குப் பொறுப்பு என் மூத்த ஓரகத்தி. வீட்டில் மிக்சி நின்றாலும் தானே பிரித்துப் பார்க்கிறவள். அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஒருநாள் மிஷினைக் கழுவித் துடைத்தாள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். அது இல்லாவிட்டால் மிஷின் வெறும் இரும்பு.

மறுநாள் காலை எங்கள் கடைசிக் கொழுந்தன் வியர்த்து வழிய வந்தான்.

"அண்ணி, மிஷின் ஸ்டார்ட்டே ஆகல."

"ஆகாது. குழுப் பொம்பளைங்க வயல் முடியட்டும். அப்புறம் நானே வந்து ஓட்டித் தரேன்."

அவன் முகம் சுண்டிப்போனது. "பெரியண்ணன்கிட்டயே பேசிக்கிறேன்."

அவள் வீட்டுக்காரர்தான் அந்தப் பெரியண்ணன். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"என்கிட்ட பேசி என்னடா ஆகப்போகுது? நானே கேட்டுட்டு வரிசையில நிக்கிறேன்."