கைக்குட்டையில் படிந்த கரி

எழுபத்து நாலாம் வருடம், மார்கழி மாதம். காரைக்குடியில் தேவகோட்டை ரோட்டோரம் ஒரு தகர ஷெட் போட்டு, ஜீப்புகளுக்கு ஃபைபர் கிளாஸில் மேல்கூடு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு, மற்றவர்களைப் போல பேங்க் பரீட்சை எழுதாமல், மெட்ராஸில் ஒரு படகுப் பட்டறையில் ஆறு மாதம் கிடந்து கற்றுக்கொண்டு வந்த வேலை. அப்போது எங்கள் பக்கம் ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஜீப்புகள் நிறைய ஓடின. எல்லாவற்றுக்கும் மேலே கிழிந்த படுதாதான். மழை வந்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு கெட்டிக் கூடு, அதற்குத் தள்ளு கண்ணாடி ஜன்னல், பின்னால் ஒரு கதவு, தண்ணீர் டின் வைக்க ஒரு தொட்டி என்று மாட்டிவிட்டால் ஊரே நின்று பார்த்தது. தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

ஷெட்டில் எனக்குத் துணை ஒரு வெல்டர். என் வயதுதான். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கூட்டை ஜீப்பில் பிடித்து நிறுத்தும் இரும்புச் சட்டமெல்லாம் அவன் கைவேலை. நான் அவனை மாப்ள என்பேன், அவனும் என்னை மாப்ள என்பான். கோபம் வந்தால் மட்டும் "என்ன பியெஸ்ஸி" என்பான்.

திருப்பத்தூரில் கடலை வியாபாரம் செய்கிற ஒரு பாய் தன் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டார். அவருடைய மச்சினனுக்குத் தேவகோட்டையில் நிக்காஹ். வீட்டம்மாவும் இரண்டு பிள்ளைகளும் பனியில் நனையாமல் போய் இறங்க வேண்டும், அதற்குள் வண்டி வேண்டும் என்றார். முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வேலைக்கு முதலில் ஒரு அச்சு வேண்டும். எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுச் சுவர்களில் முகம் பார்க்கிற மாதிரி சுண்ணாம்புச் சாந்து பூசுவார்களே, அந்த வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைப் பிடித்து மர அச்சின் மேல் பூசித் தேய்த்து வைத்திருந்தேன். அதன் மேல் மெழுகு தடவி, கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் என்கிற பிசினைப் பூசி, நன்றாக இறுகியதும் உரித்து எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் கல் மாதிரி வந்த கூடு, அந்த முறை வரவில்லை. கார்த்திகை மழை விடாமல் பெய்து, சாந்து ஈரம் குடித்திருந்தது. இரண்டு நாள் ஆகியும் பிசின் விரலில் ஒட்டியது.

"இன்னும் ஒரு வாரம் அப்படியே கெடக்கட்டும் மாப்ள. இப்ப உரிச்சா கோணிக்கிரும்" என்றான் வெல்டர்.

"கல்யாணத்த ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லுவமா?" என்று நக்கலாகக் கேட்டுவிட்டு உரித்தேன். அவன் சொன்னபடியே கோணிக்கொண்டது. ஜீப்பில் ஏற்றி முடுக்கினால், பின்கதவுக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிற அளவு இடைவெளி.

வெல்டர் குனிந்து அந்தச் சந்தைப் பார்த்தான். பிறகு அதற்கு நேர் கீழே நீட்டிக்கொண்டிருந்த சைலன்சர் பைப்பைப் பார்த்தான்.

"மாப்ள, படுதா போட்டிருந்தப்ப நாலா பக்கமும் காத்துப் போச்சு. இது டப்பா மாதிரி மூடியிருக்கு. பொகையெல்லாம் இந்தச் சந்து வழியாத்தான் உள்ள வரும். பைப்ப அங்குட்டுத் திருப்பி சைடுல விட்டுருவோம். அரை நாள் வேலை."

நான் மறுத்ததற்கு, ஒதுக்க அரை நாள் இல்லை என்பது ஒரு காரணம். வெள்ளைக் கூட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு துருப்பிடித்த பைப் நீட்டிக்கொண்டிருந்தால் அழகு போய்விடும் என்பது இன்னொரு காரணம். டீ குடிக்க வந்து நின்ற நாலு பேர் முன்னால் அவன் சொன்னான் என்பதுதான் உண்மையான காரணம்.

"வண்டி முன்னாடி போகுது, பொகை பின்னாடி போகுது. ஆறாங்கிளாசு எனக்குப் பாடம் எடுக்குது" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். அவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"சரிங்க பியெஸ்ஸி" என்றான்.

ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும், அது புகையை உள்ளே இழுக்கும் என்பதை நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் படம் போட்டுப் பத்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அவன் சொன்னபோது அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை அவன் வாயால் கேட்கப் பிடிக்கவில்லை.

வண்டியை எடுக்க வந்த பாய் அந்தச் சந்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"அது வெண்டிலேஷன் பாய். காத்துக்காக வேணும்னே விட்டது" என்றேன். "படிச்ச புள்ள செஞ்சா எல்லாத்துக்கும் ஒரு கணக்கு இருக்கும்" என்று சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, திருப்பத்தூரிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி என் ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தினார். பின் சீட்டில் அவர் மனைவி, ஏழு வயதுப் பெண், நாலு வயதுப் பையன். பனிக்காக ஜன்னலையெல்லாம் மூடியிருந்தார்கள். பையன் வழியில் வாந்தி எடுத்திருந்தான்.

"தம்பி, புள்ளைகளுக்குத் தலை சுத்துதாம். இவளுக்கும் மண்டை இடிக்குதுங்கிறா. எதும் கோளாறா இருக்குமா, கொஞ்சம் பாருங்க."

பின்கதவைத் திறந்தேன். சந்தின் ஓரத்தில், கதவின் உள்பக்கம், என் வெள்ளைப் பெயின்டின் மேல் கரிக்கோடு படிந்திருந்தது. பாய் முன்பக்கம் இருந்து சுற்றி வருவதற்குள் கைக்குட்டையை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்துவிட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் யோசித்தேன். இப்போது ஒத்துக்கொண்டால், சாயங்காலத்துக்குள் வெல்டருக்குத் தெரியும், டீக்கடைக்குத் தெரியும் என்று, துடைக்கிற அந்த நேரத்துக்குள் அவ்வளவையும் யோசித்தேன்.

"புது ரெசின் வாடை பாய், ரெண்டு நாள்ல போயிரும். வெறும் வயித்தோட வந்திருக்கீக, அதான் பெரட்டுது. சோடா வாங்கிக் கொடுங்க."

"பாத்தியா, நாந்தான் சொன்னேன்ல" என்றார் மனைவியிடம். அந்த அம்மா என்னைப் பார்த்து, "ஒங்க நேரத்தையும் கெடுத்துட்டோம் தம்பி" என்று சொன்னார். சோடா குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அந்தப் பெண் பின்கண்ணாடி வழியாக எனக்குக் கை ஆட்டியது.

கொஞ்ச நேரத்தில் வெல்டர் வந்தான். நான் கைக்குட்டையை மேஜையிலேயே போட்டிருந்தேன். அதை எடுத்து விரித்துப் பார்த்தான்.

"இது என்ன?"

"கரி."

"பாய் வண்டியா?"

தலையாட்டினேன்.

"புள்ளைக எங்குட்டு உக்காந்திருக்கு?"

"பின்னாடி."

அவன் திட்டியிருந்தால் நானும் திரும்பத் திட்டியிருப்பேன். திட்டவில்லை. பக்கத்து ரைஸ் மில்லுக்கு ஓடி, கணக்குப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்து, "ஏறு" என்றான். வழி முழுக்க நான் மனதுக்குள் ஜீப்பின் வேகத்தையும் தூரத்தையும் வகுத்துக்கொண்டே வந்தேன். எந்தப் படிப்பும் உதவிக்கு வராத நேரத்தில் இந்தக் கணக்கு மட்டும் வந்தது.

தேவகோட்டை ரஸ்தா ரயில்வே கேட் அடைத்திருந்தது. ஒரு பஸ்ஸுக்கும் மாட்டு வண்டிக்கும் பின்னால் வெள்ளைக் கூடு நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஜீப்புக்குப் பாட்டரி சரியில்லை. அணைத்தால் முன்னால் கம்பி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அதனால் பாய் கேட்டில் அணைக்கமாட்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

டிரைவர் பக்கத்துக் கண்ணாடி பாதி திறந்திருந்தது. நாங்கள் ஓடி வருவதைப் பார்த்து, பாய் உதட்டில் விரல் வைத்தார்.

"இப்பத்தான் கண் அசந்துச்சுக தம்பி, எழுப்பிராதீக."

வெல்டர் கையை உள்ளே விட்டு என்ஜினை அணைத்தான். நான் பின்கதவைத் திறந்தேன். அந்த அம்மா தலையைத் தூக்கி ஏதோ சொல்ல வந்து, வார்த்தை குழறியது. பையனைத் தூக்கியதும் சிணுங்கினான். பெண் சிணுங்கவில்லை. தூக்கியபோது தலை என் கையை விட்டுத் தொங்கியது.

ரோட்டோரம் துண்டை விரித்துக் கிடத்தினோம். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிச் சூழ்ந்தார்கள். "காத்த விடுங்கய்யா, தள்ளுங்க" என்று வெல்டர் விரட்டினான். கன்னத்தில் தட்டினான், கேட்கீப்பர் கொண்டுவந்த தண்ணீரைத் தெளித்தான், சட்டையைக் கழற்றி விசிறினான். பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ரயில் வந்தது, போனது. கேட் திறந்தது. ஒரு வண்டியும் நகரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அந்தப் பெண் இருமியது. வாந்தி எடுத்தது. கண்ணைத் திறந்து, "அத்தா, சோடா வேணாம்" என்று அழுதது. அந்த அழுகை மாதிரி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

பாய் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எப்படித் தம்பி தெரிஞ்சு வந்தீக?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பிள்ளை பிழைத்துவிட்டது. அவர் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருக்கலாம். நான் சொன்னது இது: "ஒங்க சைலன்சர் பழசு பாய். எங்கயோ ஓட்டை விழுந்திருக்கும்னு சந்தேகமா இருந்துச்சு. மனசு கேக்கல, அதான் வந்தோம்."

வெல்டர் சட்டையை உதறி மாட்டிக்கொண்டிருந்தான். பொத்தானில் கை நின்றது. என்னைப் பார்த்தான். பிறகு மிச்சப் பொத்தான்களைப் போட்டான்.

அவர்களைத் தேவகோட்டை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பினோம். அடுத்த வாரம் பாய் ஜீப்பை அனுப்பினார். வெல்டரே பைப்பைப் பக்கவாட்டில் திருப்பினான், கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியை அடைத்தான். முடித்துவிட்டு, "வேலை முடிஞ்சிருச்சு சார்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இரண்டரை வருடமாகிறது. இன்றும் என்னிடம்தான் வேலை பார்க்கிறான், அதே சுத்தம், அதே வேகம். ஒரு முறைகூட மாப்ள என்று அவன் வாயில் வரவில்லை.

பெருநாளுக்குப் பெருநாள் திருப்பத்தூரிலிருந்து பிரியாணி வரும். போன முறை பாய் மகளையே கூட்டி வந்திருந்தார். வளர்ந்திருந்தது. தூக்குச் சட்டியை என் கையில் கொடுத்து, "எங்கள எழுப்புன மாமாவுக்கு" என்றது. அவர்கள் போனதும் அதை அப்படியே வெல்டரிடம் நீட்டினேன்.

"இது ஒனக்குச் சேர வேண்டியது."

அவன் வாங்கவில்லை. "அத அங்குட்டுப் போயிச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை இறக்கி வெல்டிங்கை ஆரம்பித்தான்.

இதோ, பெயர் போடாமல் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது, இதுவும் அன்றைக்குக் கைக்குட்டையால் துடைத்த மாதிரி ஒரு வேலைதான் என்று தோன்றுகிறது. திருப்பத்தூர் போய் பாய் முகத்தைப் பார்த்துச் சொல்லாத வரைக்கும் அந்தக் கரி என்னிடம்தான் இருக்கும்.