கோட்டுப் போட்ட தாத்தா

எங்கள் வீட்டுச் சுவரில் நாற்பது வருஷமாகத் தொங்கிய படத்தில் தாத்தா கோட்டுப் போட்டிருந்தார். உயிரோடு இருந்தவரை மேலுக்கு ஒரு துண்டுகூட முழுசாகப் போட்டறியாத மனிதர். பாலசமுத்திரம் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணையில் ஆளாக இருந்து, என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் செத்துப்போனவர். அவருக்கு ஏது கோட்டு என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் காலத்துச் சித்தூர் ஸ்டுடியோக்காரர்கள் செத்தவர் படத்தைப் பெரிசு பண்ணும்போது தாங்களாகவே ஒரு கோட்டை வரைந்து மாட்டிவிடுவார்கள். எங்கள் தெருவில் செத்துப்போன ஆண்கள் அத்தனை பேரும் கோட்டில்தான் இருந்தார்கள். ஏர் ஓட்டியவர், கிணறு வெட்டியவர், பாம்பு கடித்துச் செத்தவர், எல்லோருக்கும் ஒரே கோட்டு. அதனால் தாத்தாவின் கோட்டு எங்களுக்கு அதிசயமாகப் படவில்லை.

அந்தப் படம் வீட்டுக்கு வந்த கதையை நைனா நூறு தடவை சொல்லியிருப்பார். பண்ணை வீட்டு ஹாலில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருந்ததாம். எங்கள் ஆட்கள் அந்த ஹாலுக்குள் காலெடுத்து வைக்க முடியாது என்பதால் எங்களில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. பண்ணைக்காரர் செத்து, பிள்ளைகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மெட்ராஸுக்குப் போய்விட்ட பிறகு, வீட்டைக் காவல் காத்த கிழவர் ஒருநாள் நைனாவிடம், “அந்தப் படத்துல உங்கப்பனும் இருக்கிறான்ரா” என்று சொல்லியிருக்கிறார். அப்பன் முகத்தையே அறியாத நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. கெஞ்சு கெஞ்சென்று கெஞ்சினார். படத்தை எங்கள் கையில் கொடுக்கக் கிழவருக்குப் பயம். அவரே சித்தூருக்கு எடுத்துப்போய் ஸ்டுடியோவில் கொடுத்து, அவரே திருப்பிக் கொண்டுவந்து ஹாலில் மாட்டிவிட்டார். பெரிசு பண்ணிய படத்தை மட்டும் நைனா தனியாகப் போய் வாங்கிவந்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தாராம்.

படம் வந்த அன்றைக்கு அதைக் குறை சொன்ன ஒரே ஆள் என் அத்தை, நைனாவின் அக்கா. தகப்பன் செத்தபோது அவளுக்கு ஆறோ ஏழோ வயசு.

“எங்கப்பனுக்கு மீசையே கெடையாதுடா. வச்சா பண்ணையில தோலை உரிச்சிப்புடுவாங்க” என்றாள்.

“கோட்டு வரைஞ்சவன் மீசை வரைய மாட்டானா? பேசாம இரு” என்று நைனா அவள் வாயை அடைத்தார்.

அத்தை பேசாமல்தான் இருந்தாள். ஆனால் மாட்டுப் பொங்கலன்று அந்தப் படத்துக்கு முன்னால் நாங்கள் படைக்கும்போது மட்டும் உள்ளே வரமாட்டாள். எங்கள் வீட்டுப் படையல் என்றால் ராகிக் களி, கருவாட்டுக் குழம்பு, நாட்டுக்கோழி, புது வேட்டி, ஒரு கட்டு பீடி. கற்பூரம் காட்டிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். செத்துப்போன பெரியவர்கள் வந்து சாப்பிடும்போது நாம் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து, அந்த இலையில் இருப்பதை எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்வோம். அத்தை அந்தப் பங்கையும் வாங்கமாட்டாள். ஏதோ பழைய கோபம், தம்பி தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்ற மூக்கு நுனிக் கோபம் என்றுதான் நினைத்தோம். அவள் செத்தும் பல வருஷம் ஆகிவிட்டது. அவளிடம் இனி என்னத்தைக் கேட்பது?

அவள் எனக்குச் சொன்ன வேறொன்று நினைவிருக்கிறது. பண்ணைக்காரர் எங்கே போனாலும் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போவது தாத்தாவின் வேலை. பண்ணைக்காரர் சாப்பிட்டுக் கை கழுவும் வரை குடையோடு வெளியே நிற்க வேண்டும். பிறகு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனால் மிச்சம் மீதி விழும். அதற்காக அத்தை அங்கே காத்துக்கிடப்பாளாம். “எங்கப்பன் வலது காலை உள்ளுக்கு மடிச்சி மடிச்சி வரும். ரொம்ப தூரத்துலயே கண்டுபுடிச்சிடுவேன்” என்பாள். அந்தக் கோணல் கால் நைனாவுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. என் வலது செருப்பு எப்போதும் உட்பக்கமாகத்தான் தேயும். பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

போன வருஷம் நைனாவைத் திருப்பதியில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, இன்னொன்றும் நிற்காது, தாமதமாக வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் தெலுங்கில் சொன்னார். நைனா “சரேலே, போகட்டும்” என்று எழுந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போதுதான் என் கையைப் பிடித்தார்.

“டேய், முழுசா போறதுக்குள்ள எங்கப்பன் மொகத்த ஒரு தபா நல்லா பாத்துடணும்டா. அந்தப் படம் ஊறிப்போயி மங்கலா கீது. பெருசா, தெளிவா போட்டுக் குடு.”

அந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

நான் திருப்பதியில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறேன். மலைக்கு வருகிற உலகத்து ஜனமெல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் ரூமுக்குப் போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் சாவிக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு வலைத்தளத்தில் போட்டு வைத்திருந்த தங்கள் வம்ச மரத்தைப் போனில் காட்டியது. ஏழு தலைமுறை. கோத்திரம், பிறந்த ஊர், எல்லோருக்கும் போட்டோ. பழைய படத்தை ஏற்றினால் அந்த வலைத்தளமே தூசி தட்டித் தெளிவாக்கிக் கொடுக்குமாம், அதே முகம் வேறு எங்கேயாவது இருந்தால் சொந்தக்காரர்களையும் கண்டுபிடித்துக் கொடுக்குமாம். ஏழு தலைமுறைக்கு நான் எங்கே போவேன்? கோயிலில் கோத்திரம் கேட்டால் ஏதோ ஒரு கடவுள் பெயரைச் சொல்லிச் சமாளிக்கிற கூட்டம் நாங்கள். ஆனால் படம் தெளிவாகும் என்றார்களே. அடுத்த லீவில் ஊருக்குப் போய், சுவரிலிருந்த படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு வந்து ஏற்றினேன்.

மரத்தில் நைனா, நான், என் பிள்ளைகள். மேலே தாத்தா. அவருக்கு மேலே எல்லாம் வெறும் கட்டம். பிறந்த வருஷம் கேட்டது, தெரியாது. படம் மட்டும் அருமையாக வந்தது. மீசை முடி ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல அவ்வளவு சுத்தம். நைனாவுக்காகப் பெரிய பிரிண்ட் போட ஒரு கடையில் விசாரித்தும் வைத்துவிட்டேன்.

அதற்குள் அந்த வலைத்தளத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. வாழ்த்துகள், உங்களுக்குப் புதிய உறவினர்கள் கிடைத்திருக்கிறார்கள். அதே முகம் இன்னொரு குடும்பத்தின் மரத்தில் இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெண்மணியின் மரம். எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! தாத்தாவுக்கு ஓர் அண்ணனோ தம்பியோ இருந்து எங்கேயோ பிழைக்கப் போயிருக்கிறார், அவர்கள் வம்சம் அமெரிக்கா வரை போய்விட்டது என்று மனசுக்குள் கோட்டை கட்டினேன். மனைவியிடம் சொன்னேன். “அமெரிக்காவுல சொந்தமா? நமக்கா?” என்று சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஓடாத இங்கிலீஷில் அந்த அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், இவர் என் தாத்தா, நீங்கள் எந்த வழியில் உறவு என்று.

பதில் வந்தது. மரியாதையான பதில்தான், குற்றம் சொல்ல முடியாது. இவர் என் கொள்ளுத்தாத்தா, இந்தப் படம் உங்களிடம் எப்படி வந்தது என்று கேட்டிருந்தார். கூடவே முழுப் படத்தையும் அனுப்பியிருந்தார்.

ஓட்டல் கவுண்ட்டரில் ஆட்கள் வரிசையில் நிற்க, நான் அதைத் திறந்து பார்த்தேன். நாற்காலியில் கோட்டுப் போட்டு, மீசை வைத்து, நாங்கள் நாற்பது வருஷம் மாலை போட்ட அதே ஆள் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோட்டு யாரும் வரைந்ததில்லை, அவருடையதேதான். காலடியில் ஒரு நாய். அவர் தலைக்கு மேலே ஒரு பெரிய கறுப்புக் குடை. குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். வெறும் மேல், முழங்காலுக்கு மேல் கட்டிய வேட்டி. உட்கார்ந்திருப்பவர் தலைக்கு நேராகப் பிடித்த குடை, நிற்பவர் முகத்துக்கு நேராக வந்துவிட்டது. கழுத்துக்கு மேல் வெறும் குடைத் துணி. கீழே பார்த்தேன். வலது கால் உள்ளுக்கு மடிந்திருந்தது.

காவல்காரக் கிழவர் பொய் சொல்லவில்லை. தாத்தா அந்தப் படத்தில் இருந்தார். கிழவர் ஸ்டுடியோவில் என்ன சொன்னாரோ, ஸ்டுடியோக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ. அந்தப் படத்தில் முகம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதைப் பெரிசு பண்ணிக் கொடுத்துவிட்டார். நைனாவுக்குத் தெரிந்த பண்ணைக்காரர் மீசை வழித்த வழுக்கைத் தலைக் கிழவர், இந்த இளவயசு முகத்தை அவர் பார்த்ததில்லை. கோட்டைப் பார்த்து நாங்களாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். செத்தவர்களுக்கெல்லாம் கோட்டு மாட்டுகிற ஊரில் யாருக்குச் சந்தேகம் வரும்?

படத்துக்குக் கீழே அந்தக் குடும்பத்தார் விவரம் எழுதியிருந்தார்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயர், பட்டம். நாயின் பெயர்கூட இருந்தது. குடை பிடித்தவருக்கு ‘வேலையாள்’. கொள்ளுத்தாத்தா பெரிய தர்மவானாம், தன் வாசலிலிருந்து யாரையும் பசியோடு அனுப்பியதே இல்லையாம். போய்ச் சேர்ந்த அத்தையை எழுப்பிக் கூட்டிவந்து இதை வாசித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது.

அந்த முழுப் படத்தையும் தெளிவாக்கிப் பார்த்தேன். நாயின் மீசை தெளிவானது. குடைக் கம்பி தெளிவானது. தாத்தாவின் விலா எலும்புகள் தெளிவாயின. குடையை விலக்க மட்டும் அதில் ஒரு வழியும் இல்லை. உலகத்தில் தாத்தாவின் முகம் இனி எங்கேயும் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினேன். திருப்பதியிலிருந்து சித்தூர் பஸ். பிரிண்ட் எதுவும் போடவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன? கண் தெரியாத நைனா அந்த மீசையைத் தடவிப் பார்த்து நிம்மதியாகப் போகட்டுமே. புத்தலப்பட்டு வரும் வரை அதுதான் சரி என்று முடிவு பண்ணியிருந்தேன். அங்கே பஸ் நின்றபோது ஒருவர் வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். அவ்வளவுதான். இன்னொரு வருஷமும் அந்தக் கோட்டுக்காரருக்கு என் கையால் களி போட முடியாது என்று ஆத்திரம் பொங்கியது.

மாட்டுப் பொங்கலன்று காலை நைனா மாலையோடு சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நைனா, அது நம்ம தாத்தா இல்ல.”

“பின்ன யாரு?”

“பண்ணைக்காரரு.”

எல்லாவற்றையும் சொன்னேன். மாலை கையிலேயே இருந்தது.

“நம்மாளு எங்க கீறான்?”

போனைக் கொடுத்தேன். ஒட்டினாற்போல் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். “கறுப்பா வட்டமா இன்னாவோ தெரியுது.”

“அது கொட நைனா. மொகத்த மறச்சிக்கினு கீது.”

“கொஞ்சம்கூட தெரியலயா?”

“இல்ல நைனா.”

காலைப் பெரிதாக்கிக் காட்டினேன். விரலால் தடவினார். தடவியதும் படம் நகர்ந்து நாய்க்குப் போய்விட்டது. மறுபடி காலைக் கொண்டுவந்தேன். மறுபடி தடவினார், மறுபடி நாய் வந்தது. போனைப் பிடுங்கி வீசி எறியலாமா என்றிருந்தது எனக்கு.

போனை என்னிடம் நீட்டிவிட்டு நைனா கேட்டார். “அப்ப இத்தினி வருசமா நாம படைச்சதெல்லாம் அந்தாளு துன்னிக்கினு இருந்தானா?”

கையிலிருந்த மாலையைத் தரையில் வைத்தார்.

“எங்கப்பன் எங்கடா இருந்தான்? செத்தும் அவனுக்குப் பின்னாலயே கொடைய புடிச்சிக்கினு பட்டினியா நின்னுக்கினு இருந்தானா? என் வூட்லயேவா?”

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றினேன். தரையில் போட்டு மிதிக்கப் போனேன்.

“ஒடைக்காதடா” என்றார் நைனா. “வெளிய மாட்டுக் கொட்டாயாண்ட நிக்க வையி. நம்மாளு துன்னு கை கழுவட்டும். மிச்சம் இருந்தா அப்புறம் பாக்கலாம்.”

வைத்தேன். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. அந்தச் சதுரத்துக்கு முன்னால் இலை போட்டோம். களி, குழம்பு, கோழி, வேட்டி, பீடி. மீசை இல்லாத, முகம் இல்லாத ஒருவருக்கு நைனா கற்பூரம் காட்டினார். எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

வழக்கமாகத் திறக்கிற நேரம் தாண்டியது. பிள்ளைகள் பசியில் முனக ஆரம்பித்தார்கள். வெயில் உச்சிக்கு வந்து, இறங்கவும் தொடங்கியது. நைனா கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தார். நான் மெல்லப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். சத்தம் கேட்டு என் கையைத் தட்டிவிட்டார்.

“இருடா. இன்னும் துன்னிக்கினு கீறான்.”