கிளெனிஸ் இடம் மாற்றிய நீர்ப்பல்லிகள்

ஒரு வாரமாகக் கிளெனிஸ் டக்வொர்த்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேநீர் போடுவாள், குடிக்க மறப்பாள். தோட்டத்துக் குளத்தை எட்டிப் பார்ப்பாள், உடனே உள்ளே ஓடிவருவாள். முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனிச்சாலையிலும் பதறாதவள்.

வெதர்லோ கிராமத்தை ஒட்டிய நெடுஞ்சாலைச் சந்திப்பை அகலமாக்கப் போகிறார்கள். அதற்காகக் காட்டோரக் குளத்தை மூட வேண்டும். மறுத்து நின்ற ஊருக்கு ஒரே ஆயுதம், அந்தக் குளத்தில் வாழும் கொண்டை வைத்த நீர்ப்பல்லி. சட்டம் காக்கும் உயிர் அது; அது வாழும் குளத்தை லேசில் மூட முடியாது.

மார்ச்சில் சாலைக்காரர்கள் எல்லை குறிக்கக் கரையோரம் ஆரஞ்சு முளைக்குச்சிகள் அடிப்பதைப் பார்த்து, பல்லிகள் மண்ணோடு புதைந்துவிடும் என்று பயந்தாள். நான்கு மாலைகள் வலையும் வாளியுமாகப் போய், அங்கிருந்த நாற்பது பல்லிகளையும் தன் தோட்டத்துக் குளத்தில் கொண்டுவந்து விட்டாள். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மே மாதம், பல்லி இருக்கிறதா என்று பார்க்க வந்த ஆய்வுக்காரர்கள் காட்டுக் குளத்தைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒன்றுகூட இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் ஆய்வு அதிகாரி அறிக்கையை வாசித்தாள். போராட்டக் குழுத் தலைவர் கிளைவ் பர்ஸ்லோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கிளெனிஸுக்குப் பொறுக்கவில்லை, எழுந்தாள்.

"இருந்துச்சு. நாந்தான் தூக்கிட்டுப் போனேன்."

"அனுமதி இல்லாம அதத் தொட்டாலே குத்தம், தெரியுமா?" என்றாள் அதிகாரி.

"தெரியும். கேஸ் போடுங்க. ஆனா இல்லைன்னு மட்டும் எழுதாதீங்க."

"அடிப்பாவி!" என்றார் கிளைவ். ஆனால் அவர் முகத்தில் உயிர் வந்துவிட்டது. "வாங்க எல்லாரும், போய்ப் பாப்போம்!"

பாதிக் கூட்டம் அவள் தோட்டத்தில் நின்றது. அதிகாரி மண்டியிட்டு, தண்ணீரில் பல்லி மடித்து வைத்திருந்த ஓர் இலையை மெல்லப் பிரித்தாள். உள்ளே வெள்ளையாய் ஒரு முட்டை. அடுத்த இலையிலும் ஒன்று. கிளெனிஸுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது.

"இங்க நல்லாவே பெருகியிருக்கு" என்று எழுதிக்கொண்டே சொன்னாள் அதிகாரி. "இடம் மாத்தி விட்டா பொழச்சுக்கும், அப்புறம் குளத்த மூடலாம்னுதான் ரோடு போடறவங்களும் சொல்றாங்க. இதுவரைக்கும் அதுக்கு அத்தாட்சி இல்லாம இருந்துச்சு."

 சந்திப்பில் லாரிகள் இரையும் சத்தம் வேலிக்கு மேலே வந்துகொண்டிருந்தது.

கிளைவ் தொப்பியைக் கழற்றினார்.

"இவ்வளவு நல்லாவா பாத்துக்கணும், கிளெனிஸ்?"