ராத்தா இருந்து அளந்த சீட்

என் கூடப்பிறந்த மூத்தவ, எங்கள் ராத்தா சுல்பிகாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. கணக்கு வரும். எத்தனை மைல், எத்தனை நிமிஷம், எத்தனை பள்ளம் என்று வாய்க்குள்ளே கூட்டிக்கொண்டு நிற்பா. அந்த நேரம் கிட்டப் போனால் நமக்கும் ஒரு மார்க் போட்டுவிடுவா. எனக்குக் கிடைத்ததெல்லாம் முட்டைதான். மாஸ்டரின் மேசை லாச்சிக்குள் உயிர் நண்டு போட்ட அன்றோடு, எட்டாம் வகுப்பில், பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம்.

ராத்தா அப்படியில்லை. சாய்ந்தமருதில் எங்கள் தெருவிலிருந்து டீச்சராகப் போன முதல் பொம்பிளை. எண்பத்தோராம் ஆண்டு நியமனக் கடிதம் வந்தது. இறக்காமத்தில் ஒரு பள்ளிக்கூடம், கணக்குப் பாடம். இரண்டு வருஷம் அங்கே முடித்தால்தான் ஊருக்குக் கிட்ட மாற்றம் கேட்கலாம்.

வீட்டிலிருந்து பதினாலு மைல். காலையில் பஸ் ஒன்று இருந்தது. அது தனக்கு மனம் வந்த நேரத்துக்கு வரும். மணி அடித்ததும் பள்ளிக்கூட அதிபர் கையெழுத்துப் புத்தகத்தில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே பெயர் எழுதினால் பிந்தி வந்த ஆள். மூன்று மாதத்தில் ராத்தாவின் பெயர் பத்துத் தரம் கோட்டுக்குக் கீழே விழுந்தது. பன்னிரண்டு ஆனால் கல்விக் கந்தோருக்கு எழுதி வேலையை நிறுத்துவேன் என்று அதிபர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் மோட்டார் சைக்கிளில் போகத் தொடங்கினா. றஸாக் மச்சான் ஒரு சூட்கேசோடு எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது வீடும் ராத்தா பேரில், வாப்பா வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளும் ராத்தா பேரில். ஓடுவது மட்டும் மச்சான். அவருடைய வயலும் இறக்காமத்துப் பக்கம் என்பதால் போகிற வழியில் ராத்தாவை இறக்கிவிட்டுப் போவார்.

சைக்கிளில் ஓடுகிறவருக்குத் தனிச் சீட். பின்னால் இரும்புக் கரியல். நெல்மூட்டைக்கு அது நல்ல இடம். அதன்மேல் சாக்கை நாலாக மடித்துக் கட்டி ராத்தாவை ஏற்றினார்கள். சாரியோடு இரண்டு காலும் இடப்பக்கம் தொங்க, ஒரு கையால் கரியல் கம்பியையும் மறு கையால் முக்காட்டையும் பிள்ளைகளின் கொப்பிக் கட்டையும் பிடித்துக்கொண்டு போனா. சம்மாந்துறை தாண்டினால் றோட்டில் பள்ளம் முடிந்த இடத்தில் யானை லத்தி கிடக்கும், லத்தி முடிந்த இடத்தில் பள்ளம். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் ராத்தாவால் கதிரையில் இருக்க ஏலாது. சமைத்த மீன் வைக்கிற வலை அலுமாரியின் மேல் கொப்பிகளை வைத்து நின்றபடியே திருத்துவா. நான் அந்த அலுமாரியில் மீன் வாசம் வராமல் துடைத்து வைப்பேன். அது வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

"இடுப்பு நோகுதெண்டா வேலைய விடு புள்ள," என்றார் மச்சான். "சோத்துக்கு என்ன குறை?"

"சோத்துக்குக் குறையில்ல. சீட்டுக்குத்தான் குறை. ரெண்டு பேருக்கும் சேத்து நல்லதா ஒண்டு போடுங்க."

புதன்கிழமை பின்னேரம் மச்சானும் நானும் கல்முனைக்குப் போனோம். பெரிய வீதியில் கச்சிமுகம்மது காக்காவின் குஷன் கடை. ராத்தாவை யாரும் கூப்பிடவில்லை. குஷன் கடையில் பொம்பிளைக்கு என்ன வேலை?

காக்கா மூன்று நீளச் சீட்டுகளை இறக்கிக் காட்டினார். ஒன்று தேங்காய்த் தும்பு அடைத்தது, ஓதல் பள்ளிக்கூடத்து வாங்குப் பலகை மாதிரித் தட்டை. ஒன்று ஸ்பிரிங் வைத்தது, கை வைத்தாலே கிறீச் என்று அழும். மூன்றாவதுதான் மாப்பிள்ளை. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் ஒரு படி உயர்ந்து, இரண்டு விளிம்பும் உருண்டு இறங்கி, கறுப்பு றெக்ஸினில் முகம் தெரிகிற மினுக்கம். ஓரம் முழுக்கச் சிவப்புக் குழாய்த் தையல்.

"ஏறி இரிங்க," என்றார் காக்கா. "ரெண்டு பேரும் குதிச்சிப் பாருங்க. தூக்கம் வரும்."

மச்சான் முன்னால், நான் பின்னால். இரண்டு பக்கமும் காலைப் போட்டுக் குதித்தோம்.

"எப்பிடி சாலிஹ்?"

"பஞ்சு மெத்த மாதிரி இரிக்கி மச்சான்," என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

வியாழக்கிழமை காலை ராத்தா கொப்பிக் கட்டோடு அந்தச் சீட்டுக்குக் கிட்ட வந்தா. பக்கமாக ஏறி இருந்தா. உருண்ட விளிம்பு இருக்க விடாமல் கீழே தள்ளியது. றெக்ஸின் மினுக்கத்தில் நைலக்ஸ் சாரி வழுக்கியது. கரியலைக் கழற்றிவிட்டதால் பிடிக்கக் கம்பியுமில்லை. மச்சானின் சேர்ட்டைப் பிடித்தா. "சேட்டக் கசக்காம இரி," என்றாராம் அவர்.

இறக்காமம் குளத்துக்குக் கிட்ட எருமைக் கூட்டம் குறுக்கே வந்தது. மச்சான் பிறேக் போட்டார். சைக்கிள் நின்றது, ராத்தா நிற்கவில்லை. வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் முழங்கை தேய விழுந்து, முப்பத்தெட்டுக் கொப்பிகளையும் பொறுக்கி எடுத்துப் பள்ளிக்கூடம் போகும்போது சிவப்புக் கோடு காய்ந்துவிட்டது. பதினொன்று.

பின்னேரம் முழங்கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தா. மச்சான் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஒன்ட ராத்தாவுக்கு ஒரு எடத்துல ஒழுங்கா இரிக்கத் தெரியல்ல."

ராத்தாவின் வாய் கணக்குப் பார்க்கத் தொடங்கியது. எனக்குக் கணக்கு வராதே. எனக்கு வேறொன்று வந்தது.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தேத்தண்ணிக் கடையில் பத்துப் பதினைந்து பேர். மச்சான் வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக நடுவில் இருந்து, ராத்தா விழுந்த கதையை எருமைச் சத்தம் எல்லாம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். பொம்பிளைகளுக்கு பெலன்ஸ் கிடையாது என்று முடித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

"மச்சான்," என்றேன், "நீங்க ராத்தா மாதிரி ஒருக்காப் பக்கமா இருந்து காட்டுங்களேன். நான் ஓடுறன். காரைதீவுச் சந்தி மட்டும்."

"போடா. வேலையில்லாதவன்."

"ஏறுங்க றஸாக்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பொம்புளைகள் செய்யிற வேலதானே?"

அதற்குப் பிறகு ஏறாமல் இருக்க ஏலுமா? ஏறினார். கடைக்காரரிடம் ஒரு சீப்பு வாழைப்பழம் கேட்டு வாங்கி அவர் கையில் கொடுத்தேன்.

"இது என்னத்துக்கு?"

"கொப்பிக் கட்டு. விழ உடப்படாது. மற்றக் கையால முக்காட்டப் புடிங்க."

கடை முழுக்கச் சிரித்தது. நான் பள்ளம் தேடித் தேடி ஓடினேன். காரைதீவுச் சந்தி எங்கே, மீன் சந்தை வரைகூடப் போய்ச் சேரவில்லை. இரண்டாவது பள்ளத்தில் என் சேர்ட்டைப் பிடித்தார். "சேட்டக் கசக்காம இரிங்க மச்சான்," என்றேன். மூன்றாவதில் பின்னால் பாரம் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். மீன் கழுவிய தண்ணி தேங்கிய குழியில் வெள்ளைச் சாரனோடு இருந்தார். வாழைப்பழத்தை மட்டும் விடவில்லை.

இனி மனிதனுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். புத்தி வரவில்லை, வெறிதான் வந்தது. வீட்டு வாசலில் நின்று, அடுத்த வீட்டு வளவுக்கும் கேட்கத்தக்கதாக என்னிடம் சொன்னார்:

"இனி இந்த சைக்கிள்ல ஒரு பொம்புளயும் ஏறப்படாது. வேலையும் வேணாம். கடிதத்த எழுதச் சொல்லு. ஞாயிற்றுக்கிழம நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

குளிக்கப் போய்விட்டார். ராத்தா அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டா. அடிக்கப் போறா என்று கன்னத்தைப் பொத்தினேன்.

"ஊரெல்லாம் சிரிச்சிதா?"

"ஓம்."

"எனக்கு வேணுமெண்டது என்ன, சிரிப்பா? சீட்டா?"

கன்னத்திலிருந்து கையை எடுத்தேன்.

"அவர் விழுந்ததால என்ட இடுப்பு நோவு கொறஞ்சிதா? பதினொண்டு பத்தாகுமா? ஒனக்கு ஒரு நாள் பகிடி. எனக்கு மிச்சம் ஒண்டே முக்கால் வருஷம்." குரல் உயரவேயில்லை. "நாளைக்கு அவர் வயலுக்கு ட்ரக்டர்ல போவார். போனதும் சைக்கிள்ட சாவிய எடு."

சனிக்கிழமை காலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினோம். ஏறி ஓடலாம் என்றேன். அந்தச் சீட்டில் இனி இருக்க மாட்டேன் என்றா. சாய்ந்தமருதிலிருந்து கல்முனை வரை தார் றோட்டில் நடை. முக்காட்டை இழுத்துப் பல்லால் கடித்துக்கொண்டு, ஒரு கையால் சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தா. எதிரே வந்தவர்கள் "என்ன, பெற்றோல் இல்லையா?" என்று கேட்டார்கள். "மூள இல்ல," என்றா ராத்தா. யாருக்கு என்று சொல்லவில்லை.

கச்சிமுகம்மது காக்கா எங்களைக் கண்டதும் ஊசியை வைத்துவிட்டு எழும்பினார்.

"டீச்சர், நீங்க ஏன் வந்தீங்க? தம்பிய அனுப்பினாக் காணுமே."

"தம்பி ஒருக்கா வந்து பாத்த சீட்டுத்தான் இது. காக்கா, ஒண்டு கேக்கிறன். இது வரைக்கும் எத்தின சீட் தெச்சிருப்பீங்க?"

"நூறுக்கு மேல வரும்."

"அதுல எத்தின சைக்கிள்ல பொம்புள பின்னால ஏறிப் போறா?"

காக்கா தலையைச் சொறிந்தார். "அனேகமா எல்லாத்திலயும்தான்."

"எத்தின பேரப் பக்கமா இருத்தி அளவு எடுத்தீங்க?"

வீதியில் போன இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். ராத்தா அவர்களையும் திரும்பிப் பார்த்தா. வகுப்பில் சத்தம் போடுகிற பெடியனைப் பார்க்கிற பார்வை. ஒருவர் நடந்துவிட்டார். மற்றவர்கள் ஓரமாக நின்றார்கள்.

"சீட்டக் கழட்டுங்க. அடிப் பலகைய மட்டும் வையுங்க."

வைத்தார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, பட்டப்பகலில், கல்முனைப் பெரிய வீதியில், ராத்தா அந்த மொட்டைப் பலகையில் பக்கமாக ஏறி இருந்தா. பையிலிருந்து வகுப்பில் எழுதுகிற சோக் எடுத்துத் தன் தொடை முடிகிற இடத்தில் கோடு போட்டா. இறங்கி, கோட்டுக்கு வெளியே இரண்டு விரற்கடை கூட்டி இன்னொரு கோடு.

"பலகை இந்தப் பக்கம் இவ்வளவு அகலம். விளிம்பு உருளப்படாது, இடப்பக்கம் கொஞ்சம் உயரோணும். படி வேணாம், பின்பக்கம் தட்டையா இரிக்கட்டும். கீழ தும்பு, மேல ஸ்பொஞ்ச். மினுங்குற றெக்ஸின் வேணாம்."

"அப்ப என்னத்தப் போடுற?"

"லொறிக்கு மூடுற படங்குத் துணி. அது வழுக்காது. புடிக்க ஒரு தோல் வார். கால் வைக்க இடப்பக்கம் ஒரு பலகை."

"அழகா இரிக்காது டீச்சர்."

"அழகுக்கு மேல இருந்து ஒரு தரம் விழுந்துட்டன்." முழங்கையைக் காட்டினா. காக்கா கீழே பார்த்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். ராத்தா முன்பக்கம் வந்து அங்கேயும் சோக்கால் ஒரு வட்டம் போட்டா.

"இவடத்த கொஞ்சம் பள்ளமா வையுங்க. நாள் முழுக்க வயல்ல குனிஞ்சி நிக்கிற மனிசன். அவருக்கும் இடுப்பு இரிக்கி."

அதைச் சொன்னபோதும் கோபமாகத்தான் சொன்னா. நான்தான் முகத்தை வீதிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். வெயில் கூடிப்போச்சு, வேறொன்றுமில்லை.

பொழுது சாய, மஃரிப் தொழுகைக்கு முன் சீட் முடிந்தது. சாம்பல் பச்சை நிறம், இடப்பக்கம் வீங்கி, தோல் வார் தொங்க, பார்த்தால் காய்ச்சல் பிடித்த எருமைக் கன்று மாதிரி. வரும்போது ராத்தா ஏறி வந்தா. பள்ளத்தில் விடவா என்று கேட்டேன். விடு என்றா. விட்டேன். அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் கடிதம் கேட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். சீட்டைக் கண்டார்.

"இது என்ன இழவு? ஆரு செஞ்சது?"

ராத்தா ஏற்கெனவே ஏறி இருந்தா. மடியில் கொப்பிக் கட்டு, கையில் வார், கால் பலகையில்.

"நான்தான். கடிதம் எழுதல்ல."

"ஊர் சிரிக்கும்."

"வெள்ளிக்கிழம சிரிச்சி முடிஞ்சி. ஆறு அம்பதாகுது. ஓடுறது நீங்களா, சாலிஹா? சைக்கிள் என்ட பேர்ல இரிக்கி."

மச்சான் என்னைப் பார்த்தார். சாவி என் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் எவ்வளவு ஆசையாகச் சுற்றினேன் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பறித்துக்கொண்டு முன்னால் ஏறினார். பிறகு இடுப்பைப் பின்னால் தள்ளி அந்தப் பள்ளத்துக்குள் சரியாகப் பொருந்திக்கொண்டார். நல்லது என்று ஒரு சொல் வருமா என்று காத்து நின்றேன். வரவில்லை. உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன்: "கச்சிக்கு நான்தான் விளங்கப்படுத்தினன். தும்பு கீழ, ஸ்பொஞ்ச் மேல எண்டு." அவரிடம் இன்னொரு வெள்ளைச் சாரன் இருக்கிறதா என்றுகூட யோசித்தேன். பிறகு ராத்தாவின் கேள்வி நினைவு வந்தது. சிரிப்பா, சீட்டா. எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ராத்தா அலுமாரியை நோக்கிக் கொப்பிகளோடு போய்க்கொண்டிருந்தா.

"கோடு?" என்று கேட்டேன்.

"மேல."

"எத்தினையாவது பேர்?"

"ரெண்டாவது. அதிபருக்குப் பிறகு நான்தான்."

முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அலுமாரிக்குப் போனவ பாதி வழியில் நின்றா. திரும்பி வந்து, மேசைக்கடியிலிருந்து கதிரையை இழுத்துப் போட்டு, மெதுவாக அதில் இருந்து, முதல் கொப்பியை விரித்தா.