அம்மா அனுப்பாத மெயில்

சாம்பார் வாசனை...

அந்த பிரவுசிங் சென்டரோட ஏசி ரூமுக்குள்ள நானும் அம்மாவும் நுழைஞ்சா, முதல்ல போறது அதுதான். அம்மாவுக்கு ஸ்கூல்ல சத்துணவு சமைக்கிற வேலை. பசங்களுக்குப் போட்டு முடிச்சு, பாத்திரம் கழுவி வெச்சுட்டு, அதே புடவையோட ஷேர் ஆட்டோ ஏறி வந்துடுவாங்க. செங்கம் ரோட்டுல ஆசிரமம் தாண்டி இருந்துச்சு அந்த சென்டர். பக்கத்து கேபின்ல இருக்கற, ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரங்க எல்லாம் மூக்கை உறிஞ்சிட்டு திரும்பிப் பாப்பாங்க.

2003, 2004 இருக்கும். நான் காலேஜ் செகண்ட் இயர்.

அண்ணன் அப்பாகிட்ட சண்டை போட்டுட்டு துபாய் போயிட்டான். அப்பா பஸ் ஸ்டாண்டுக்குக் கூட வரல. அப்புறம் அவன் போன் பண்ணா, அப்பா எடுத்து, ஒரு வார்த்தை பேசாம ரிசீவரை அம்மா கையில குடுத்துடுவாரு. ரெண்டு மூணு தடவை பாத்தான், போன் பண்றதையே நிறுத்திட்டான். எட்டு மாசம். அவன் பிரெண்டுகிட்ட கெஞ்சி வாங்குனதுல கிடைச்சது ஒரு மெயில் ஐடி மட்டும்தான்.

"நீ சொல்லுமா, நான் அடிக்கறேன்"னேன்.

"வேணாம். நீ அடிச்சா உன் பேச்சாயிடும். எனக்குக் கத்துக் குடு."

பத்தாவது வரைக்கும் படிச்சவங்க, ஏபிசிடி தெரியும். தமிழையே இங்கிலீஷ் எழுத்துல அடிக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். முறத்துல கல்லு பொறுக்கற மாதிரி ஒவ்வொரு எழுத்தா தேடி, ஒத்த விரல்ல... பத்து நாள் ஆச்சு. எனக்கா பொறுமை கம்மி. கத்துவேன். அம்மா அடுத்த எழுத்தைத் தேடிட்டு இருப்பாங்க.

அன்னைக்கு செவ்வாய்க்கிழமை. என்னை வெளியில உக்கார சொல்லிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல அடிச்சாங்க. உள்ள போனப்ப ஸ்கிரீன் முழுக்க எழுத்து. படிக்கப் போனேன், கையால மறைச்சுட்டாங்க.

"சரி, சென்ட் அழுத்து."

அம்மா செவுத்து கடிகாரத்தைப் பாத்தாங்க. மூணே கால்.

"ராகு காலம்டி. நாலரை ஆவட்டும்."

"மெயிலுக்கு எல்லாமா ராகு காலம் பாப்பாங்க?!"

"எட்டு மாசம் கழிச்சு எழுதறேன். இருக்கட்டும்."

உக்காந்தோம். டிராப்ட்ல சேவ் பண்ணி வைக்கலாம்னு எனக்கே அப்ப தெரியாது. நாலு மணிக்கு கரண்ட் போச்சு. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திட்டு அதுவும் அடங்கிடுச்சு.

திரும்ப கரண்ட் வந்தப்ப அஞ்சு. பக்கம் காலி. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அம்மா ஸ்கிரீனையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, மறுபடி அடிச்சாங்க. இந்தத் தடவை மறைக்கல.

"appa ippo un kattil la than paduthukuraru."

அவ்ளோதான். சென்ட்.

அப்பா அங்க படுக்கறதை நானும் தினம் பாத்துட்டுதான் இருந்தேன், ஏன்னு எனக்குத் தோணவே இல்ல.

வியாழக்கிழமை காலையில போன் அடிச்சுது. அப்பாதான் எடுத்தாரு. ரிசீவரை குடுக்கல. "அங்க வெயில் ஜாஸ்தியா?"ன்னாரு. அம்மா அடுப்படிக்குள்ள போயிட்டாங்க.

இப்ப அம்மா போன்ல எல்லாம் அத்துப்படி. எனக்கே ஸ்டிக்கர் அனுப்பறாங்க!

போன வாரம் அப்பாவோட கண் ஆபரேஷனுக்கு லீவ் கிடைக்காதுன்னு அண்ணன் பேமிலி குரூப்ல போட்டான். வந்துச்சே கோவம்... நாலு பத்தி அடிச்சு அனுப்பிட்டேன். அரை நிமிஷம் ஆகல, ப்ளூ டிக். அவன் இன்னும் பதில் போடல.

நேத்து அம்மாகிட்ட சும்மா கேட்டேன், "அன்னைக்கு அழிஞ்சு போச்சே, அவ்ளோ பெரிய மெயில், என்னதான்மா எழுதியிருந்த?"

"பூரா அவனத் திட்டிதான்டி. பெத்தவரு மனச நோவடிச்சவன் இனிமே இந்த வாசப்படி மிதிக்காதன்னு." சிரிச்சாங்க. "நல்ல வேளை கரண்ட் போச்சு."

எனக்கு சிரிப்பு வரல.

இத போஸ்ட் பண்ணிட்டு, அண்ணனுக்கு போன் போடப் போறேன்.