மூல வைத்தியர் பீமராவின் இரண்டு கட்டிகள்

திருவானைக்காவல் கடைவீதியில் இருபத்தாறு வருடமாக மூல வைத்தியம் பார்ப்பவர் பீமராவ். அறுவை இல்லை, வலி இல்லை, பத்தியம் இல்லை என்று போர்டு வைத்திருந்தார். பரிசோதனையும் இல்லை என்பதை அடக்கம் கருதி எழுதவில்லை. ரத்தம் போகிறது என்று யார் வந்தாலும், முகத்தைப் பார்த்தே மூலம் என்று சொல்லிப் பொடியைக் கட்டிக் கொடுத்துவிடுவார். பார்க்கவேண்டிய இடம் முகம் அல்ல என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு அவருக்கே ரத்தம் போனது. கண்ணாடியில் பார்த்தார், மூலம்தான். நாலு மாதம் தம் பொடியையே சாப்பிட்டார். வேட்டியில் கறையைக் கண்ட மனைவி அனுசுயா, புத்தூரில் குடல் டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டாள். அங்கே தெரிந்தவர்கள் யாரும் வருவார்களா என்பதை மட்டும் அவர் விசாரித்தார்.

வந்திருந்தாள் சகாயம்மாள். உப்பிலியபுரத்துக்காரி, ஒரு வருடம் அவர் பொடியை பக்தியோடு சாப்பிட்டவள். உறவுக்காரரைப் பார்க்க வந்ததாக பீமராவ் அவளிடம் சொல்லி முடிப்பதற்குள், நர்ஸ் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "பீமராவ் யாருங்க? வயிறு சுத்தமா போயிடுச்சா?" என்றாள்.

சகாயம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். "உக்காருங்க வைத்தியரே. எனக்குக் கட்டி ஆழமா போயிடுச்சாம். குழாய் விட்டு எடுக்க முடியாதாம், வயித்தைத் திறக்கணுமாம்."

அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

குழாய் விட்டுப் பார்த்ததில், பீமராவுக்கு இரண்டு கட்டிகள். இரண்டுமே காளான் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்காமல், குடல் சுவரில் தட்டையாக ஒட்டியிருந்தன. பெருங்குடலின் தொடக்கத்தில் இருந்தது விரல் நகம் அளவு. டாக்டர் ரேஷ்மா அதன் அடியில் ஊசியால் திரவம் செலுத்தி, கொப்புளம்போல் எழுப்பி, கம்பிச் சுருக்கு மாட்டி அன்றே எடுத்துவிட்டார். மலக்குடலில் இருந்தது நாலு சென்டிமீட்டருக்குப் படர்ந்து, நடுவில் குழிந்திருந்தது.

"இதைத் துண்டு துண்டா எடுத்தா, புற்று இருந்தா அது எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு சரியா சொல்ல முடியாதுங்க. ஒரே துண்டா உரிச்சு எடுக்கணும்" என்றார் டாக்டர்.

அதற்கு இன்னொரு நாள், குழாய் முனையில் சிறு கத்தி, இரண்டரை மணி நேரம். ஏதோ பொடியைத் தின்றுவிட்டுத் தாமதமாக வருகிறவர்களே அதிகம் என்று டாக்டர் சலித்துக்கொண்டார். தொழிலைக் கேட்டபோது பீமராவ், "வியாபாரம்" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தம் தொழிலைப் பற்றி உண்மை பேசினார்.

சோதனை முடிவு வந்தது. புற்று மேல் அடுக்கோடு நின்றிருந்தது, ஓரங்கள் சுத்தம். ஆறு மாதத்தில் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தால் போதும்.

சகாயம்மாளுக்கு அறுவை நடந்து, வயிற்றில் மலம் சேரும் பை மாட்டியிருந்தார்கள். பீமராவ் சாத்துக்குடியோடு போய் நின்றார்.

"நான் ஒழுங்கா பார்த்திருக்கணும்மா."

"நீங்க எங்க பார்த்தீங்க?" என்றாள் அவள். பிறகு பழத்தை வாங்கிக்கொண்டாள்.

இப்போதும் கடை இருக்கிறது. ரத்தம் என்று வருகிறவர்களிடம் எத்தனை நாளாக என்று கேட்டு, புத்தூர் விலாசத்தை எழுதிக் கொடுக்கிறார். பொடி கிடையாது. போன மாதம் வந்த பஸ் கண்டக்டர் ஸ்டீபன்ராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. வைத்தியமே தெரியாத ஆளிடம் வந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் முகம் பார்த்தே மருந்து தருகிறவரிடம் போய்விட்டார். பீமராவ் அவருக்கு வாரம் ஒருமுறை போன் செய்கிறார். அவர் எடுப்பதில்லை.